லெட்டியின் அளவு நூல்

வுல்விச், கைதிக் கப்பலிலிருந்து
1824 அக்டோபர் 19

தம்பி சைலஸ்,

நானும் என் பற்களும் இன்னும் பிரியவில்லை. நீயும் உன் வீட்டுக்காரி டார்க்கஸும் இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கப்பல் ஆற்றிலேயே நிற்கிறது. இன்னும் பெண்கள் வந்து சேர வேண்டுமாம்.

என் பக்கத்தில் படுப்பவளும் என்னைப் போல ஏழு வருஷ நாடுகடத்தல் வாங்கியவள், ஒரு பாலாடைக்கட்டியைத் திருடியதற்கு. யாரோ வெளுக்கப் போட்டிருந்த துணியில் நான் மூன்று கெஜம் கிழித்து எடுத்ததைச் சொன்னேன். "உனக்காச்சும் துணி கையில வந்துச்சு. நான் அதை வாயில வைக்கிறதுக்குள்ள புடிச்சிட்டாங்கடி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள், நான் அழவில்லை.

பெந்தெகொஸ்தே ஊர்வலத்தில் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளை உடுத்தி நடக்கும்போது என் பிள்ளை லெட்டி மட்டும் பழைய பழுப்புக் கவுனில் நடந்தாள். அடுத்த வருஷம் அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் குற்றம். அவளுக்கு ஐந்து வயது. இந்த ஐந்தை மனதில் வைத்துக்கொண்டுதான் கப்பல் ஏறுகிறேன்.

உன்னிடம் இரண்டு வாக்குக் கேட்கிறேன். ஒன்று, லெட்டி மில்லுக்குப் போகக்கூடாது. மணியடித்ததும் அந்தக் கதவில் நுழைகிற பிள்ளைகள் எப்படி நடக்கிறார்கள் என்று உனக்கும் தெரியும். பட்டினி கிடந்தாலும் வீட்டில் கிடக்கட்டும். இரண்டாவது, உன் தறியிலிருந்து ஒரு பாவு நூலை எடுத்து அவள் உயரத்தை அளந்து அனுப்பு. தோளுக்கு ஒரு முடிச்சு, உச்சிக்கு ஒரு முடிச்சு. நியூ சவுத் வேல்ஸ் போய் அவளுக்குக் கவுன் தைத்து அனுப்புவேன்.

டார்க்கஸுக்கு என் அன்பு. லெட்டியிடம் நான் வேலைக்குப் போயிருக்கிறேன் என்று சொல்.

உன் அக்கா,
டிர்சா


ஆஷ்க்ளஃப், போல்டன் அருகே
1824 நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். உன் கடிதம் வந்த நேரத்தில் டார்க்கஸ் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். அடி பிடித்துவிட்டது. அதையே மூவரும் தின்றோம்.

கேட்ட இரண்டு வாக்கையும் கொடுக்கிறேன். பைபிள் மேல் கை வைத்துத்தான் எழுதுகிறேன், இடது கை.

லெட்டியைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி அளந்தேன். நிலையில் கத்தியால் ஒரு கோடும் போட்டேன். நூலைப் பார்த்துவிட்டு, "மாமா, நான் இவ்வளவுதானா?" என்றாள். ஆமாம் என்றேன். "சுருட்டினா கைக்குள்ள அடங்கிடுறேனே" என்று உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். திரும்ப வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

பாவு நூல் கஞ்சி போட்டது, நீளாது, சுருங்காது. நம்பி வெட்டலாம்.

கடல் உன்னிடம் நல்லபடியாக நடந்துகொள்ளட்டும்.

தம்பி,
சைலஸ்


பாரமட்டா, நியூ சவுத் வேல்ஸ்
1825 ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

வந்து சேர்ந்தேன். உடம்பில் எலும்பு எத்தனை என்று இப்போது தொட்டே சொல்லிவிடலாம், மற்றபடி சுகம். உங்கள் மூவரின் சுகத்தை ஒவ்வொரு ஞாயிறும் கேட்டு ஜெபிக்கிறேன். பதில் வர ஒரு வருஷமாகும் என்பதால் ஆண்டவருக்கு அவசரம் இல்லை.

ஒரு ஆட்டுப் பண்ணைக்காரர் வீட்டில் சமையலுக்கு விட்டிருக்கிறார்கள். எஜமானியின் பெயர் மிஸஸ் ப்ளண்டல். கரண்டிகளைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எண்ணுவாள். "துணி திருடினவ கரண்டி எடுக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?" என்பாள், நான் பக்கத்தில் நிற்கும்போதே. இங்கே ஆகஸ்டில் குளிர். மரங்கள் இலைக்குப் பதிலாகப் பட்டையை உதிர்க்கின்றன. பார்த்துக்கொண்டே இருந்தால் நான்தான் தலைகீழாகத் தொங்குகிறேனோ என்று தோன்றும்.

பேச ஆளில்லை. அதனால் மாலையில் நூலைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு அதோடு பேசுகிறேன். சிரிக்காதே.

எஜமானியின் பழைய படுக்கை விரிப்பை, கேட்டு வாங்கித்தான், கவுனாகத் தைத்திருக்கிறேன். மெதடிஸ்ட் போதகர் வழியாக வரும். பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று கீழே நான்கு விரல் மடிப்பு வைத்திருக்கிறேன். சரியாக இருந்ததா என்று உள்ளபடி எழுது. புது நூலும் அனுப்பு.

டார்க்கஸின் கஞ்சிக்காக ஏங்கும்,
டிர்சா


ஆஷ்க்ளஃப்
1826 ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறோம்.

கவுன் பிப்ரவரியில் வந்தது. டார்க்கஸ் அதை மேமாதம் வரை பெட்டியிலேயே பூட்டி வைத்தாள். கொஞ்சம் குட்டையாகத்தான் இருந்தது. மடிப்பை முழுக்க அவிழ்த்தபின் கணுக்கால் தெரிய நின்றது. ஊர்வலத்தில் லெட்டி கொடிக்குப் பின்னால் இரண்டாவது வரிசை. மழை வந்தபோது எல்லாரும் ஓடினார்கள், இவள் மட்டும் கவுனைக் கழற்றிச் சுருட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டு உள்பாவாடையோடு நடந்து வந்தாள். ஆசிரியை அதட்டியதற்கு, "எங்கம்மா கடலுக்கு அந்தப் பக்கமிருந்து அனுப்பியிருக்காங்க, நனைஞ்சா மறுபடி வர ஒரு வருஷமாகும்" என்று சொன்னாளாம்.

தறி வேலை இப்போது மோசம். விசைத்தறிகளை உடைக்கச் சிலர் போனார்கள், சிப்பாய்கள் வந்தார்கள், நான் போகவில்லை. டார்க்கஸ் வேலியோரம் காஞ்சொறிக் கீரை பறித்து ஓட்ஸ் மாவில் போட்டுக் காய்ச்சுகிறாள். அரிப்பது வெந்தபின் போய்விடுகிறது. லெட்டி எனக்குத் தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றிக் கொடுக்கிறாள், அதற்குத்தான் வேலை இல்லை.

புது நூல் இதோ. ஏழு வயது, நிமிர்ந்து நின்றாள்.

தம்பி,
சைலஸ்


பாரமட்டா
1827 நவம்பர் 25

தம்பிக்கு,

இரண்டு வருஷத்துக்கு மேல் எழுதாததற்கு என் மேல் கோபமில்லாமல் இருக்க வேண்டும். கொஞ்சம் உடம்பு முடியாமல் போனது. இப்போது சுகம், உங்கள் சுகமே என் கவலை.

மிஸஸ் ப்ளண்டல் வீட்டை விட்டு வந்துவிட்டேன். இடையில் ஆறு மாதம் ஒரு பெரிய கல் கட்டடத்தில், நிறையப் பெண்களோடு, கம்பளி நூற்றுக்கொண்டிருந்தேன். பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. தலைமுடியைக் குட்டையாக்கிக்கொண்டேன், இந்த வெயிலுக்கு அதுதான் சுகம். இப்போது ஒரு சத்திரக்காரர் வீட்டில் துவைக்கிறேன். அவர் மனைவி கரண்டிகளை எண்ணுவதில்லை. அவளுக்கு எண்ணத் தெரியாது.

லெட்டிக்கு ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன். சரியாக இருந்ததா என்று சொல். மறக்காமல் சொல்.

அக்கா,
டிர்சா


ஆஷ்க்ளஃப்
1828 ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். கடிதம் வராத நாட்களில் டார்க்கஸ், "கடல்ல தபால் பைகூட மூழ்கும்ல" என்று சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றினாள்.

கவுன் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. ஊர்வலத்தில் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். லெட்டிக்கு உன் மூக்கு வந்துவிட்டது. அடக்கமாக இருக்கிறாள். ஒன்பது வயதுக்கான நூல் இதனுடன்.

வேறு விசேஷமில்லை.

சைலஸ்


பாரமட்டா
1829 ஜனவரி 11

தம்பிக்கு,

உன் கடிதம் இவ்வளவு சிறியதாக இருந்ததால் இரண்டு தடவை உறையைத் தட்டிப் பார்த்தேன். எல்லாரும் சுகம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய், அதை நம்பி நானும் சுகமாக இருக்கிறேன்.

எனக்கு அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது. தண்டனை முடியும்வரை இந்த வட்டாரத்தை விட்டுப் போகக்கூடாது, ஆனால் எனக்குப் பிடித்த வேலையை நானே பார்த்துக்கொள்ளலாம். ஆற்றுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். துவைக்கிறேன். பெரிய கதவு, சின்ன சன்னல். இரண்டு பேர் படுக்க இடம் இருக்கிறது. அந்த இரண்டாவது இடத்தைப் பெருக்கிப் பெருக்கி வைக்கிறேன்.

லெட்டியை என்னிடம் அனுப்பி வைக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறேன். போதகர் எனக்காக எழுதினார். நல்ல பதில் வரும் என்கிறார். அதற்கு முன் அவள் கையால் எனக்கு ஒரு வரி வேண்டும். ஞாயிறுபள்ளியில் எழுத்து கற்றிருப்பாள் அல்லவா? என்ன எழுதினாலும் சரி.

காத்திருக்கும்,
டிர்சா


ஆஷ்க்ளஃப்
1829 ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சீட்டு கிடைத்ததற்குக் கர்த்தருக்கு நன்றி. நாங்கள் சுகம்.

லெட்டிக்குக் கடல் என்றால் பயம். போன குளிர்காலத்திலிருந்து அவளுக்குக் கொஞ்சம் இருமல் வேறு. அவசரப்பட வேண்டாம் என்று டார்க்கஸ் சொல்கிறாள். உன் தண்டனை முடிந்ததும் நீயே இங்கு வந்துவிடலாமே. எழுதச் சொன்னேன், வெட்கப்படுகிறாள். அடுத்த முறை எழுதுவாள்.

சைலஸ்


பாரமட்டா
1830 மார்ச் 7

சைலஸ்,

நான் சுகம். நீ சுகமில்லை என்று எனக்குத் தெரியும்.

மனுவுக்கு அனுமதி வந்துவிட்டது. தாள் இதனுடன் இருக்கிறது. போல்டன் போதகரிடம் காட்டினால் பெண்கள் வருகிற அடுத்த கப்பல் எதிலும் அவளை ஏற்றிவிடுவார்கள்.

இப்போது நான் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீ ஏழு வயதுக்கு அனுப்பிய நூல் என்னிடம் இல்லை. அது வந்த அன்று சமையலறையில் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸஸ் ப்ளண்டல் உள்ளே வந்து, "என்னடி இது, குப்பையைக் கையில வெச்சுக்கிட்டு மாவு பிசையற?" என்று பிடுங்கி அடுப்பில் போட்டாள். ஒரு நொடிகூட ஆகவில்லை, எரிந்து போயிற்று. கையிலிருந்த இரும்புக் கரண்டியை அவள் மேல் வீசினேன். படவில்லை. பட்டிருக்கலாம். மாஜிஸ்திரேட் ஆறு மாதம் பெண் கைதிகளின் ஆலைச் சிறையில் போட்டார். தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள். நான் உனக்கு எழுதிய கல் கட்டடம் அதுதான். சுகம் என்று எழுதினேன். பொய்.

அந்த இரண்டாவது கவுனை அளவே இல்லாமல் வெட்டினேன். சின்னதாகப் போய்விடக்கூடாது என்று பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு வெட்டுவதுபோல் வெட்டினேன். நீ "அளவெடுத்துத் தைத்ததுபோல்" என்று எழுதினாய். அதோடு ஒரு நூலும் அனுப்பினாய். அந்த நூலுக்கு அந்தக் கவுன் தரையில் அரை முழம் இழுபட்டிருக்கும். முதல் கவுன் குட்டை என்று எழுதக் கூசாதவன் நீ. ஏன் இப்போது?

ஒரு வருஷத்துக்கு மேலாக இதையே நினைத்துத் துவைக்கிறேன். அவள் இறந்துவிட்டாளா? இருந்தால், நூலை எடு, அவளை நிறுத்து, அளந்து அனுப்பு. உண்மையான நூல் ஒன்று போதும்.

டிர்சா


ஆஷ்க்ளஃப்
1830 அக்டோபர் 3

அக்கா,

அவள் இருக்கிறாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

1826 இலையுதிர்காலத்தில் லெட்டி மில்லுக்குப் போனாள். தறியில் நான்கு மாதமாகப் பாவு ஏறவில்லை. டார்க்கஸ் படுத்த படுக்கையாகக் கிடந்தாள், வயிற்றிலிருந்த பிள்ளையும் போயிற்று. அதை உனக்கு எழுதவில்லை. லெட்டிதான் சொன்னாள், "மாமா, நான் போறேன். அறுந்த நூலை முடிச்சுப் போடறதுதானே, எனக்குத்தான் தெரியுமே" என்று. ஏழு வயதுப் பிள்ளை சொன்னாள் என்று உன்னிடம் சாக்குச் சொல்லவில்லை. கதவு வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவன் நான். பைபிள் மேல் வைத்த அதே கை.

ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் நின்றாள். இரண்டாவது குளிர்காலத்தில் முழங்கால்கள் உள்ளே மடங்கத் தொடங்கின. பிறகு நிமிரவில்லை. நிறுத்திவிட்டேன், ஆனால் அதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது. உன் கவுன் வந்தபோது அவளுக்கு அது கால்வாசி தரையில் கிடந்தது. டார்க்கஸ் அதை அடியில் வெட்டித் தைத்தாள். ஊர்வலத்துக்கு அவள் போகவில்லை. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். எல்லாரும் கவுனைப் பார்த்தார்கள் என்று எழுதினேனே, அது அப்போது.

ஒன்பது வயதுக்கு நான் அனுப்பியது பக்கத்து வீட்டு ஃபேனியின் அளவு. கதவு நிலையில் அவளை நிறுத்தி அளந்தேன், கோடும் போட்டேன். குனிந்து தரையில் நூலின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டது லெட்டி. "யாரோட அளவு மாமா?" என்று ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

உண்மையான நூல் இது. பதினோரு வயது. நிறுத்தித்தான் அளந்தேன்.

நீ சொன்னால் ஏற்றி அனுப்புகிறேன். சொல்லாவிட்டாலும் என் கண்போல் வைத்திருப்பேன். கண்போல் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

சைலஸ்


(அதே உறையில்)

அம்மாவுக்கு லெட்டி எழுதுவது.

நான் சுகம். நீ சுகமா. மாமா இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதினார். நூல் அளக்கும்போது நான் நிமிர்ந்துதான் நின்றேன், ஏமாற்றவில்லை. மழைக்காலத்தில் மட்டும் கால் வலிக்கும். கடலுக்குப் பயப்படவில்லை, அது மாமா சொன்னது. உன் முகம் எனக்கு ஞாபகம் இல்லை, கை ஞாபகம் இருக்கிறது. என்னைப் போல நடக்கிறவர்களைக் கப்பலில் ஏற்றுவார்களா? ஏற்றினால், இறங்கும்போது நீ கரையில் நின்று பார்ப்பாயே, அப்போது வேண்டாம் என்று சொல்வாயா? சொல்வதானால் இப்போதே எழுதிவிடு.

லெட்டி


பாரமட்டா
1831 மார்ச் 27

சைலஸுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். மற்ற சுகங்களைப் பற்றிப் பிறகு பேசலாம்.

மன்னித்தேன் என்று எழுத மூன்று நாள் உட்கார்ந்தேன். கை வரவில்லை. திட்டி எழுதவும் உட்கார்ந்தேன். அதை வாயாலேயே செய்துவிட்டேன், சுவரைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டும்வரை. உன் பெயர் இப்போது இந்தத் தெருவுக்கே தெரியும். அவள், "யாருடி அந்த சைலஸு, புருஷனா?" என்றாள். "தம்பி" என்றேன். "அதான் இவ்ளோ திட்டுற" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து வயது நூலையும் பதினோரு வயது நூலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆறு வருஷத்துக்கு ஒரு சாண். அன்று முழுக்கத் துவைக்கவில்லை. நான் அந்தத் துணியைக் கிழிக்காமல் இருந்திருந்தால் அவளை மில் கதவுக்கு யார் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்றும் யோசித்தேன். நானாகவே இருந்திருக்கலாம். தெரியாது. டார்க்கஸின் பிள்ளை போன செய்தியை ஐந்து வருஷம் கழித்து அறிகிறேன். அவளைக் கட்டிக்கொண்டு அழ இங்கிருந்து கை எட்டவில்லை என்று அவளிடம் சொல்.

என் ஏழு வருஷம் இந்த ஆண்டோடு முடிகிறது. விடுதலை கொடுப்பார்கள், திருப்பிக் கொண்டுபோய் விடமாட்டார்கள். அதனால் நான் வருகிற பேச்சு இல்லை. அவள்தான் வர வேண்டும்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே போதகரிடம் போ. துறைமுகம் வரை நடக்க விடாதே, வண்டி பிடி. கப்பலில் கீழ்த்தட்டு ஏணி செங்குத்தாக இருக்கும், யாராவது தூக்கி இறக்க வேண்டும். அவளுக்குப் பாலாடைக்கட்டி கொடுத்து அனுப்பு, விலைக்கு வாங்கியது. கதவு நிலையில் ஃபேனியின் கோட்டை மட்டும் செதுக்கி எடுத்துவிடு. லெட்டியின் கோடுகள் இருக்கட்டும். அவள் போனபின் உனக்கும் டார்க்கஸுக்கும் அந்த வீட்டில் பார்க்க ஏதாவது வேண்டும்.

கீழே உள்ளதை லெட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டு.

லெட்டி, ஏற்றுவார்கள். நீ கேட்ட மற்றதற்கு நான் எழுத்தில் பதில் சொல்லமாட்டேன், கரையில் சொல்கிறேன். உனக்கு ஒரு வெள்ளைக் கவுன் தைத்து முடித்துவிட்டேன். துணி கடையில் வாங்கியது. நீ நின்ற நூலுக்கு வெட்டினேன், மடிப்பு வைக்கவில்லை. இங்கே பெந்தெகொஸ்தேக்கு ஊர்வலம் கிடையாது. நம் வாசலிலிருந்து ஆறு வரை நாம் இரண்டு பேரும் நடக்கலாம். நீ எந்த வேகத்தில் நடக்கிறாயோ அந்த வேகத்தில். வழியில் உட்கார ஒரு கல் இருக்கிறது, நான் பார்த்து வைத்துவிட்டேன்.

சைலஸ், இனிமேல் நூல் அனுப்பாதே. அளவு நானே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா,
டிர்சா